சேணத்துக்கு ஒரு பொட்டு

பொரிப் பொட்டலமும் பூசணிக்காயுமாக வீட்டுக்குள் நுழைந்தவன், முன்னறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அறையின் நடுவில், மர ஸ்டாண்டின் மேல் என் சேணம் இருந்தது. காலையில் நான் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது அது வெறும் சேணமாகத்தான் இருந்தது. இப்போது அதன் முன் வளைவில் மூன்று விரல் விபூதிப் பட்டை. பட்டையின் நடுவே சந்தனம், அதன் மேல் ஈரம் காயாத குங்குமம். பின் வளைவில் ஒரு பொட்டு. கால் வைக்கும் அங்கவடிகள் இரண்டுக்கும் ஆளுக்கொரு பொட்டு. போதாக்குறைக்குக் கழுத்தில் சாமந்திச் சரம்.

வெள்ளைக்காரன் காலத்துக் குதிரைப்படை அதிகாரி ஏறி உட்கார்ந்த சேணம், இப்போதுதான் கிரிவலம் முடித்துவிட்டு வந்த பக்தரைப் போல என்னைப் பார்த்தது.

"தவமணி!"

என் மனைவி சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, பூசணிக்கா கெடைச்சுதா?"

"இதுக்கு எதுக்குப் பொட்டு வெச்ச?"

"இன்னிக்கு ஆயுத பூஜைங்க."

"இது ஆயுதமா?"

"பட்டாளத்து சாமான், பட்டாளத்து சாமான்னு வர்றவங்க போறவங்க கிட்டலாம் நீங்க தான சொல்றீங்க. ஆயுதம் இல்லாம பின்ன இன்னா, பூ ஜாடியா?"

அருவாமணை, மிக்ஸி, என் ஸ்கூட்டர், அவளுடைய தையல் மிஷின், நான் உத்தியோகத்தில் இருந்தபோது வைத்திருந்த ஊசிப் பெட்டி என்று வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கிண்ணத்தில் குங்குமம் மீந்திருக்க, முன்னறைக்குள் நுழைந்திருக்கிறாள். அங்கிருந்த கடிவாளங்கள், துப்பாக்கி உறைகள், வாள் தொங்கும் பட்டைகள் எதையும் விடவில்லை.

தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். தவமணி கரண்டியை நீட்டி மறித்தாள்.

"கை வைக்காதீங்க. பூஜையில வெச்சாச்சு. நாளைக்கிக் காலையில மறுபூஜை ஆனதுக்கு அப்புறம்தான் எடுக்கணும்."

"நாளைக்குக் காலையில கர்னல் வர்றாரு!"

"வரட்டுமே. அவருக்கும் சுண்டல் இருக்குது" என்றபடி அடுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

கர்னல் யார், அவர் வருவதில் எனக்கு ஏன் அத்தனை பதற்றம் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எருமைகளோடு இருந்தேன்

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. கால்நடை ஆய்வாளராக இந்த மாவட்டத்துக் கிராமங்களில் மாடுகளுக்கு ஊசி போட்டுக் காலம் தள்ளியவன். ஜனங்கள் 'மாட்டு டாக்டர்' என்பார்கள். டாக்டர் இல்லை என்று தொடக்கத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு எனக்கே அது பிடித்துப்போய்விட்டது.

குதிரைச் சாமான் சேர்க்கும் பைத்தியம் மாட்டுக்கொட்டகையில் பிடித்தது. போளூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கோமாரி ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, தலையில் ஏதோ இடித்தது. விட்டத்திலிருந்து ஓர் இரும்பு வளையம் தொங்கியது. அதில் மாட்டுக் கயிறுகளை மாட்டி வைத்திருந்தார்கள். தலையைத் தடவிக்கொண்டே பார்த்தேன். வளையத்தின் அடிப்பக்கம் தட்டையாக, பூட்ஸ் வழுக்காமல் இருக்க வரி வரியாக வெட்டப்பட்டிருந்தது. அது ஓர் அங்கவடி.

"இத்த வெச்சி இன்னா சார் பண்ணப்போறீங்க?" என்று சிரித்தார் வீட்டுக்காரர். "எடுத்துக்குங்க. மாட்ட மட்டும் நல்லா பாத்துக்குங்க."

அன்றிலிருந்து மாட்டைப் பார்க்கப் போனால் கண் முதலில் பரணுக்குத்தான் போகும். ஆற்காட்டில் ஒரு காலத்தில் குதிரைப் படை இருந்தது. அந்தப் படை போய்விட்டது, சாமான்கள் மட்டும் நம் ஊர்க் கொட்டகைகளில் வேறு உத்தியோகம் தேடிக்கொண்டன. செங்கம் பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கி உறைக்குள் கதிர் அறுவாள் இருந்தது. சேணத்தோடு கட்டி எடுத்துப்போகும் மாற்று லாடத்துக்கென்று ஒரு தோல் பை உண்டு. அதை ஒரு பெரியவர் வெற்றிலைப் பையாக இடுப்பில் செருகியிருந்தார். கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவர் இடுப்பில் அது அத்தனை பாந்தமாக இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிப்பாயின் சேணம் சர்க்கார் கொடுத்தது, எல்லாம் ஒரே அச்சு. அதிகாரியோ தன் கைக்காசில் சொல்லிச் செய்து வாங்குவார். அதனால் அதில் ஆளுடைய குணம் தெரியும். ஒருவர் உட்காரும் இடத்தில் மெத்தென்று இருக்கச் சொல்லியிருப்பார். இன்னொருவர் ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று பித்தளை விளிம்பு வைத்திருப்பார். முகம் தெரியாத மனிதரின் அலட்டலை அவர் உட்கார்ந்த இடத்தை வைத்தே கண்டுபிடிப்பதில் எனக்கு அலாதி சந்தோஷம்.

இத்தனைக்கும் நான் குதிரை மேல் ஏறியதே இல்லை. கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தையில் குதிரைகளும் வரும். வருஷா வருஷம் நான் தவறாமல் ஆஜர். "எல்லாரும் பல்ல பாப்பாங்க, சுழிய பாப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் முதுகுல போட்டிருக்குற துணிய பாக்கறீங்க" என்று ஒரு வியாபாரி அலுத்துக்கொண்டார். எங்கள் தெருவில் ஒருவர் மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு வைத்தபோது, சேணம் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வந்தார். குதிரையும் நானே கொண்டு வருவேன் என்று நினைத்துவிட்டார்.

ஆசிரமத்துப் பக்கம் காபி குடிக்கப் போன இடத்தில் ஒரு பிரெஞ்சு அம்மாள், "நீங்கள் குதிரைப்படையில் இருந்தீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். "எருமைகளோடு இருந்தேன்" என்றேன். அவர் அதை ஏதோ ஆன்மிகமாக எடுத்துக்கொண்டு கைகூப்பினார்.

கோழி உட்கார்ந்த சேணம்

முழுச் சேணம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் உண்டு. அது ஜவ்வாது மலை அடிவாரத்தில் முனுசாமி என்ற விவசாயி வீட்டுப் பரணில் இருந்தது. ஒரு கோழி அதில் முட்டை வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தது. அவருடைய மாடு வருஷக்கணக்காகச் சினை பிடிக்காமல் இருந்து, நான் விடாமல் அலைந்து ஒருவழியாகச் சினை பிடித்தது. அந்தச் சந்தோஷத்தில், "சார், இன்னா வேணும் கேளுங்க" என்றார். பரணைக் காட்டினேன்.

"அந்தப் பழைய ஜீனியா?" இந்தப் பக்கத்தில் பழைய ஆட்கள் சேணத்தை ஜீனி என்றுதான் சொல்வார்கள். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா ஒரு தொரை கிட்ட குதிரைக்காரரா இருந்தாராம். தொரை ஊருக்குப் போறப்போ குடுத்துட்டுப் போனாராம். எடுத்துக்குங்க. குஞ்சு பொரிச்சதும் எடுத்துக்குங்க."

குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து எடுத்து வந்தேன். சேணத்தின் முன் வளைவில், இப்போது தவமணி பட்டை போட்டிருக்கும் அதே இடத்தில், வெற்றிலை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். துரையின் பெயர் எழுத்துகள். அதைத் தடவிப் பார்க்காமல் நான் தூங்கப் போனதில்லை.

கான்பூர்

பழைய ராணுவச் சாமான் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. ரொம்ப நாள் யோசித்து, ஒரு வெள்ளிக்கிழமை சேணத்தைப் படம் எடுத்துப் போட்டேன். பாராட்டு மழை பொழியும் என்று செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது ஒரே ஒரு சொல்.

'கான்பூர்.'

சாமான் சேர்க்கும் எங்கள் வட்டாரத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. கான்பூர்ப் பக்கம் புதுத் தோலில் பழைய மாதிரியிலேயே சேணம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் ஏமாற்றுவதில்லை, புதுசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இடையில் புகுந்தவர்கள்தான் அதை மண்ணில் புரட்டி, புகையில் காட்டி, தாத்தா காலத்துச் சேணம் என்று தள்ளிவிடுகிறார்கள். 'தகடு பளபளக்கிறதே, நேற்று அடித்த மாதிரி' என்று இன்னொருவர் எழுதினார்.

தகட்டைப் போய்ப் பார்த்தேன். கண் கூசியது.

"வெள்ளிக்கெழமைல வெளக்கு தேய்க்கறப்போ அதையும் புளி போட்டுத் தேய்ச்சேன்" என்றாள் தவமணி. "கறுத்துப்போய்க் கெடந்துது. நீங்க படம் எடுக்கறேன்னு சொன்னீங்களேன்னு."

குழுவில் எல்லோரும் மதிப்பவர் கர்னல் தேவராஜ். வேலூர்ப் பக்கத்து ஆள், ஓய்வு பெற்றுப் பெங்களூரில் இருக்கிறார். சேணத்தின் வயதை முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார் என்று பேச்சு. 'நான் நேரில் வந்து பார்க்கிறேன், அண்ணாமலையாரையும் பார்த்த மாதிரி ஆச்சு' என்று எழுதினார். பௌர்ணமிக்கு வராதீர்கள், வண்டி ஊருக்குள் நுழையாது என்று நான்தான் தடுத்து, ஆயுத பூஜை லீவுக்கு வரச் சொன்னேன்.

அன்று சாயங்காலம், முன்னறையை வாடகைக்கு விட வேண்டும் என்று தவமணி தன் பக்கத்து வழக்கை எடுத்து வைத்தாள்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில் இருக்கிறது, ஆசிரமத்துக்கு நடந்தே போய்விடலாம். தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஓர் அறையாவது வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலிக்காரர் வாசல் கூட்டுகிறார். எதிர்வீட்டில் ஒரு கொல்கத்தா தம்பதி அரட்டைக்கு வருகிறார்கள். எங்கள் மகள் சென்னையில், மகன் ஓசூரில். வீட்டில் நாங்கள் இரண்டே பேர், ஒரு சேணம்.

"யாராவது வந்து போய் இருந்தா வீடு வீடா இருக்கும்ங்க" என்றாள். "செத்துப்போன குதிரைங்களோட சாமானுக்கு இந்த வீட்ல எடம் இருக்குது. உயிரோட இருக்குற மனுசனுக்கு இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அவள் காசுக்காகக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பிடி கொடுக்காமல், "அது அசல் சேணம். உனக்கு அதோட அருமை தெரியல" என்றேன்.

"சரி, அந்தக் கர்னல் அசல்னு சொல்லட்டும். இனிமே ரூமப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். கான்பூர்னு சொல்லிட்டா, தீபத்துக்குள்ள ரூம ஒழிச்சிக் குடுத்துடணும். எல்லாத்தையும் மூட்ட கட்டி மேல ஏத்திடணும். சம்மதமா?"

ரோஷத்தில் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. முனுசாமி சொன்ன தாத்தா கதையைத் தவிர என்னிடம் வேறு ஆதாரமே இல்லை. பழைய சாமான் விற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு தாத்தா கதை இருக்கும்.

இந்த நிலையில்தான் அவள் விபூதிப் பட்டை போட்டு வைத்தாள். வேண்டுமென்றே செய்தாளா என்று ஒரு நிமிஷம் சந்தேகம்கூட வந்தது. கேட்டே விட்டேன்.

"சே, இன்னா பேச்சு பேசறீங்க?" என்று முகம் வாடிவிட்டாள். "ரூம காலி பண்ணணும்னுதான் சொன்னேன். அதுக்குன்னு நல்ல நாளும் அதுவுமா வீட்ல இருக்குற சாமான்ல ஒண்ண மட்டும் பொட்டு இல்லாம வெப்பாங்களா?"

மறுபூஜைக்கு முந்திய விருந்தாளி

விஜயதசமி அன்று விடிந்ததிலிருந்து நான் பஞ்சும் விளக்கெண்ணெயுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தேன். மறுபூஜைக் கற்பூரம் காட்டின மறுகணம் பாய்ந்து துடைத்துவிட வேண்டும். கர்னல் கிரிவலம் முடித்துவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு, நிதானமாக வருவார் என்பது என் கணக்கு.

பட்டாளத்துக்காரர் நடையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தவமணி குளித்துவிட்டுத் தலைகூட ஆற்றவில்லை, வாசலில் செருப்பில்லாத காலோடு ஒருவர் நின்றார். நிமிர்ந்த முதுகு, நரைத்த மீசை, நெற்றி நிறைய விபூதி.

"விடியக்காலையிலயே சுத்திட்டு வந்துட்டேன் சார். அடி அண்ணாமலைல ஒரு டீ. அவ்ளோதான்" என்றார் கர்னல்.

வேறு வழியில்லாமல் முன்னறைக்குக் கூட்டிப்போனேன். சேணமும் கர்னலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு நெற்றியிலும் ஒரே பட்டை. அவர் மீசை லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"மறுபூஜை ஆகலங்க" என்றாள் தவமணி.

"முடிச்சிடுங்கம்மா. நான் காத்திருக்கேன்."

கற்பூரம் காட்டினாள். கர்னல் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமந்திச் சரத்தைத் தானே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேணத்தை இறக்கித் தரையில் பாய் மேல் வைத்துப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரும் வந்தன.

தையலை எண்ணினார். அடியில் இருந்த மரச் சட்டத்தைத் தட்டிக் கேட்டார். மடிப்புக்குள் மூக்கை நுழைத்து முகர்ந்தார். "கோழி வாசன வருது" என்றார்.

"அது அசல்தான் சார்" என்றேன்.

கடைசியில் நிமிர்ந்தார். "மரம் பழசு. தோலும் பழசு மாதிரிதான் இருக்குது. ஆனா பழைய மரத்துல வேற தோல் போட்டு, பேர் வெச்ச தகட்ட அடிச்சு விக்கறவனுங்களும் இருக்கானுங்க. எனக்குத் தகடுதான் உதைக்குது சார்."

"புளி போட்டுத் தேய்ச்சது நான்தாங்க" என்றாள் தவமணி உடனே.

"பளபளப்ப சொல்லலம்மா. இது எப்போ அடிச்சதுன்னு தெரியணும். கழட்டிப் பாத்துடலாம். ரொம்ப வருஷமா இருந்த தகடுன்னா அதுக்குக் கீழ வெயிலும் தூசியும் படாம தோலு புதுசா இருக்கும். இப்போ அடிச்சதுன்னா சுத்தி இருக்குற மாதிரியே கறுத்திருக்கும்." என்னைப் பார்த்தார். "கழட்டட்டுமா?"

தலையை ஆட்டினேன்.

தகட்டுக்குக் கீழே

நான்கு மூலையிலும் சின்ன ஆணிகள். ஒவ்வொன்றாக நெம்பினார். பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கடைசி ஆணி முரண்டு பிடித்து, பிறகு வந்தது. தகட்டை மெதுவாகத் தூக்கினார்.

மூன்று பேரும் குனிந்தோம்.

தகடு இருந்த இடத்தின் ஓரத்தில் தோல், புதுச் செருப்பின் உள்பக்கம் போல வெளிறிய பழுப்பாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் நடுவில் சிவப்பாக ஒரு கறை.

கர்னல் உதட்டைப் பிதுக்கினார். "அடடா. குங்குமம் உள்ள எறங்கிடுச்சு."

"அதனால என்ன சார்?"

"கெட்டியா ஒட்டிக் கெடந்த தகடுன்னா ஒரு ராத்திரில நடு மத்தி வரைக்கும் எறங்காது. இடைவெளி இருந்திருக்கு. யாரோ சமீபத்துல கழட்டி மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம். ஓரத்துல தோலு வெளுப்பா இருக்குறதக்கூட அமிலம் வெச்சுப் பண்ணிடுவானுங்க." கண்ணாடியை மடியில் வைத்தார். "சாரி சார். என்னால இத அசல்னு சொல்ல முடியாது."

தவமணியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிவாளங்களையும் உறைகளையும் பார்த்தேன். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மேலே ஏற்றுவது கண்ணுக்குள் ஓடியது. அழுகை வருகிற மாதிரி இருந்தது, இந்த வயதில் ஒரு சேணத்துக்காக.

"அது நான் வெச்சது இல்லீங்க."

தவமணி பாயில் மண்டி போட்டு, முகத்தைச் சேணத்துக்கு வெகு அருகில் வைத்திருந்தாள்.

"எதும்மா?"

"இந்தப் பொட்டு. நான் வெச்சது கடக் குங்குமம், பளீர்னு இருக்கும். இது செங்கல் நெறத்துல இருக்குது. நான் சந்தனத்து மேல வெச்சேன். இதுல சந்தனமே இல்ல பாருங்க. மஞ்சளக் கொழைச்சு, அது மேல வெச்சிருக்காங்க. இது வேற யாரோ வெச்சது."

கர்னல் கண்ணாடியை மறுபடி எடுத்தார். பஞ்சை நனைத்து, தோலின் மேல்பக்கம் வழிந்திருந்த தவமணியின் குங்குமத்தில் ஒற்றினார். பஞ்சு சிவந்தது. இன்னொரு பஞ்சை எடுத்து, தகட்டுக்குக் கீழே இருந்த பொட்டில் ஒற்றினார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பொட்டு தோலோடு தோலாக ஊறி, காய்ந்த ஏரிமண் போல நுணுக்கமாக வெடித்திருந்தது. அதன் மேலேயே தகட்டின் பச்சைக் களிம்பு ஒரு படலமாகப் படிந்திருந்தது.

கர்னல் சிரிக்க ஆரம்பித்தார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"சார், காப்பி அடிக்கறவன் முத்திரைய காப்பி அடிப்பான். பெல்ட்டு பக்கிள காப்பி அடிப்பான். கீறல்கூட போட்டு வெப்பான். ஆனா மஞ்சள் வெச்சு, பொட்டு வெச்சு, அத ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாம தகடு அடிச்சு மூடற காப்பி எந்த ஊர்லயும் கெடையாது. இது அசல் சார். இந்தச் சேணம் நம்ம ஊர்ல ஓடியிருக்கு. இதே மாதிரி ஒரு ஆயுத பூஜைல, தொரையோட குதிரைக்காரன் இதுக்குப் பொட்டு வெச்சிருக்கான்."

"அப்போ தகடு?"

"கறை போகலன்னு தொரை மேல அடிச்சிருப்பாரு. காலையில வந்து பாத்துட்டுக் கத்தியிருப்பாரு, இது என் சேணம், இதுக்கு எதுக்குப் பொட்டுன்னு."

தவமணி என்னைப் பார்த்தாள். நான் பஞ்சையும் விளக்கெண்ணெயையும் மெல்லப் பாய்க்கு அடியில் தள்ளினேன்.

ஒரு விஷயம் மட்டும் கர்னலுக்குப் புரியவில்லை. பழைய பொட்டும் தவமணி வைத்த பொட்டும் அச்சாக ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன, நடுவில் தகடு மட்டும்தான். "எப்படிம்மா கரெக்டா அதே எடத்துல வெச்சீங்க?"

"யோசிக்கவே இல்லீங்க. அதான நெத்தி?" என்றாள்.

பிறகு தன் மோதிர விரலை அந்தப் பழைய பொட்டின் மேல் படாமல் வைத்துப் பார்த்தாள். அவள் விரலைவிடப் பொட்டு கொஞ்சம் பெரிது.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அறை அவளுக்குக் கிடைத்திருக்கும். அந்தக் கறையைத் தன் குங்குமம் என்று விட்டுவிட்டால் போதும். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. வேறொருவர் வைத்த பொட்டைத் தன்னுடையது என்று அவளால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அன்று எனக்கு அவள் மேல் வந்த பிரியத்தை எழுதினால் இந்த வயதில் வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

துரைக்கும் ஒன்று

கர்னல் சுண்டலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, முனுசாமிக்குப் போன் போட்டேன். அவர் தாத்தா கதை நிஜம்தான் போலிருக்கிறது என்று விவரம் சொன்னேன்.

"அவரு பேருகூட எங்களுக்குத் தெரியாது சார்" என்றார். "குதிரைக்காரத் தாத்தான்னு மட்டும் சொல்லுவாங்க. பொட்டு அப்டியே இருக்குதா?"

"இருக்குது. வந்து பாருங்க."

அந்த வாரமே வீட்டம்மாவோடும் ஒரு பை நிறைய மல்லாட்டைக் கடலையோடும் வந்து பார்த்தார். சேணத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தவமணிக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. அவர்களைச் சாயங்கால பஸ்ஸுக்குத்தான் விட்டாள்.

அவர்கள் போனதும் நான் தகட்டையும் ஆணிகளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னா பண்றீங்க?"

"தகட்ட மறுபடி அடிக்கணும். தகடு இல்லாம சேணத்துக்கு மதிப்புக் கம்மின்னு குழுவில சொல்றாங்க."

"ரூம் உங்களுக்குனு நெனச்சிக்கினு இருக்கீங்களா?" என்றாள். "உங்களுக்கும் இல்ல, உங்க குதிரைச் சாமானுக்கும் இல்ல. அந்தக் குதிரைக்காரருக்கு விட்டிருக்கேன். இத்தினி வருஷமா மூடி வெச்சிருந்தாங்க அந்த மனுசன. மறுபடி மூடாதீங்க."

ஆணிகளைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். குழுவில் இன்னும் அவ்வப்போது தகடு எங்கே என்று கேட்கிறார்கள். அது சேணத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஸ்டூலின் மேல் தனியாக இருக்கிறது.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. பூசணிக்காயை நான் முதல் நாளே வாங்கி வைத்துவிட்டேன். தவமணி பொட்டு வைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்தாள். குங்குமக் கிண்ணத்தை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கவடிகள், கடிவாளங்கள், உறைகள் எல்லாம் ஆயிற்று. சேணத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இதுக்கு ஏற்கெனவே இருக்குது" என்று ஒரு பூவை மட்டும் அதன் மேல் வைத்தாள்.

கிண்ணத்தை மூடப் போனேன். "இருங்க" என்று கையைப் பிடித்து நிறுத்தினாள். ஸ்டூலின் மேல் பளபளவென்று கிடந்த தகட்டைக் குனிந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்ப்பதை அவள் இன்னும் விடவில்லை.

"பாவம், தொரை" என்றாள். "இவருக்கு யாரு வெச்சிருக்கப் போறாங்க?"

பின்னிக்கிடந்த அந்த இரண்டு எழுத்துகளின் நட்ட நடுவில், மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தாள்.